கண்ணாடி வயலுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கண்ணாடிகளைச் சூரியனோடு திருப்பி, ஒளியைக் குவித்து, அந்த வெப்பத்தில் மின்சாரம் எடுக்கும் இந்த வேலையில் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. சோலார் பேனல் இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் இதற்கு எதிர்காலம் உண்டா என்பது மற்றது. இரண்டாவதை மிகவும் தயங்கிக் கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி அது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2010 ஜனவரியில் ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய மின்திட்டம் தொடங்கியபோது, பேனலுக்கு ஈடாகக் கண்ணாடிக்கும் இடம் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் வெப்பவழி மின்சாரத்துக்கு ஏழு திட்டங்கள், மொத்தம் 470 மெகாவாட். யூனிட்டுக்கு 10 ரூபாய்க்குக் குறைத்து யாரும் கேட்கவில்லை. ஒதுக்கியதில் பாதிக்கும் குறைவானதே எழுந்து நின்றது. 2013-இல் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்து நோக் கிராமத்தில் 50 மெகாவாட் வந்தது. 2014-இல் அதே மாவட்டத்துத் துர்சரில் பட்டைக் கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் ஒரு ஃப்ரெனெல் வகை நிலையம், ஆந்திரத்து அனந்தபூரில் இன்னொரு 50 மெகாவாட். 2017-இல் அதே ராஜஸ்தான் பாலைவனத்தின் பட்லாவில் பேனல் மின்சாரம் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. பகல் மின்சாரத்தின் விலையில் நாம் தோற்றுவிட்டோம். இதை மூடி மறைத்துப் பேசுகிறவர்களிடம் தொழில் கற்காதே.

ஆனால் அந்தச் சரிவுக்குப் பேனல் மட்டும் காரணம் இல்லை. ஏலம் கேட்டவர்கள் கையில் இருந்த வெயில் கணக்கிலேயே கோளாறு இருந்தது. உன் முதல் கேள்விக்கு விடையும் அங்கேதான் இருக்கிறது.

வானிலிருந்து வரும் ஒளியில் சூரியனிடமிருந்து நேராக வருவது ஒரு பங்கு. மேகத்திலும் தூசியிலும் புகையிலும் பட்டுச் சிதறி வருவது இன்னொரு பங்கு. பேனல் இரண்டையும் வாங்கிக்கொள்ளும். கண்ணாடியால் குவிக்க முடிந்தது நேர்க்கதிரை மட்டுமே. நம் ஊரில் வெயில் சுள்ளென்று அடிப்பதாகத் தோன்றும் பல நாட்களில் வானம் நீலமாக இருக்காது, வெளுத்துக் கிடக்கும். உடம்பு வியர்க்கும், குவிமையத்தில் சூடு ஏறாது. 2010-இல் பலரும் நம்பியிருந்தது செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணித்த எண்களை. நிலத்தில் நேர்க்கதிரை அளந்து வைத்த இடங்கள் சொற்பம். சென்னையில் உள்ள காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இன்றைய தேசிய காற்றாற்றல் நிறுவனம், 2011-இல் நாடு முழுவதும் 51 அளவீட்டு நிலையங்களை நிறுவிய பிறகுதான் நிலவரம் தெரிய வந்தது. எண்ணியிருந்ததைவிடப் பல இடங்களில் நேர்க்கதிர் குறைவு. டர்பைனையும் கண்ணாடியையும் கணக்குப் போட்டு வாங்கியாகிவிட்டது. சூரியனை மட்டும் யாரும் அளந்து வாங்கவில்லை.

அதனால் உன் நிலையத்தில் நீ முதலில் போய் நிற்க வேண்டிய இடம் கண்ணாடிகள் ஒளியைக் குவிக்கும் கோபுரத்தின் அடி இல்லை, வானிலை நிலையம். அங்கே சின்ன டிராக்கர் ஒன்றின் மேல் ஒரு குழாய் சூரியனையே பார்த்தபடி திரும்பிக்கொண்டிருக்கும். அதுதான் பைரஹீலியோமீட்டர். அதன் கண்ணாடியைத் தினமும் துடைக்கிறார்களா, யார் துடைக்கிறார்கள் என்று கேள். அதன் பார்வை ஏறக்குறைய 5 டிகிரி அகலம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள். வானத்தில் சூரியனின் அகலமோ அரை டிகிரிதான். புழுதி நிறைந்த நாளில் சூரியனைச் சுற்றி வெளிச்ச வளையம் ஒன்று படர்கிறதே, அதையும் அந்தக் குழாய் நேர்க்கதிர் என்றே கணக்கில் சேர்த்துவிடும். உன் கண்ணாடிகள் அந்த வளையத்தின் பெரும்பகுதியை இலக்குக்கு வெளியேதான் வீசும். கருவி பொய் சொல்லவில்லை, உன் வயலும் பழுதில்லை; ஆனாலும் இரண்டு எண்களும் ஒத்துப்போகாது. இதை அறியாதவர்கள் மாதக்கணக்கில் மோட்டாரைப் பழிப்பார்கள்.

இனி கோணத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலின் நுணுக்கமெல்லாம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பேனல் வயலிலும் டிராக்கர் இருக்கிறது, கண்ணாடி வயலிலும் டிராக்கர் இருக்கிறது. பெயர் ஒன்று என்பதால் வேலையும் ஒன்று என்று எண்ணிவிடாதே. பேனல் 2 டிகிரி தவறிப் பார்த்தால் இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணாடி 2 டிகிரி தவறினால் ஒளி கோபுரத்தில் படாமலே போய்விடும். ஹீலியோஸ்டாட், அதாவது ஒளியைக் கோபுரத்துக்குத் திருப்பிவிடும் கண்ணாடி, சூரியனைப் பார்ப்பதில்லை, கோபுரத்தையும் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் திசையில் நிற்கிறது. அதனால் கண்ணாடி ஒரு பங்கு பிசகினால் ஒளி இரண்டு பங்கு பிசகும். ஒரு மில்லிரேடியன் என்பது 1 மீட்டர் நீளத்தில் 1 மில்லிமீட்டர். நாலு மீட்டர் தூணின் தலை 4 மில்லிமீட்டர் சாய்ந்தால் போதும், 1 கிலோமீட்டர் தள்ளி, கோபுரத்தின் மேல் ஒளியை வாங்கிக்கொள்ளும் ரிசீவரில் ஒளிப்புள்ளி 2 மீட்டர் வரை விலகக்கூடும். கண்ணாடியில் குறையே இல்லாவிட்டாலும், சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டம் என்பதால், அந்தத் தூரத்தில் ஒளி 9 மீட்டருக்கு மேல் விரிந்துதான் விழும். இயற்கை ஏற்கெனவே அவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சமிருக்கும் கொஞ்சத்தை நம் பிழைகள் தின்னாமல் பார்ப்பதே நம் வேலை.

சூரியன் எங்கே இருக்கிறது என்பது இன்று பிரச்சினையே இல்லை. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் வெளியிட்ட கணிப்புமுறை 0.0003 டிகிரி துல்லியத்தில் சொல்லிவிடும். பிழை கணினியில் இல்லை. அடித்தளம் போட்டபோது ரசமட்டம் எப்படி வைத்தார்கள், மழைக்குப் பிறகு மண் எவ்வளவு இறங்கியது, கியரின் பற்களுக்கிடையில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது, மதியச் சூட்டில் இரும்புச் சட்டம் எப்படி வளைகிறது, இவற்றில் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு ஹீலியோஸ்டாட்டையும் தனியாகத் திருப்பி, கோபுரத்தில் ரிசீவருக்குக் கீழே உள்ள வெள்ளைப் பலகையில் அதன் ஒளியை விழச்செய்து, புள்ளியின் நடு எங்கே என்று கேமராவில் அளக்கிறோம். ஆயிரக்கணக்கில் கண்ணாடிகள் இருக்கும் வயலில் ஒரு சுற்று முடியவே வாரக்கணக்காகும். சலிப்பான வேலை என்று புதியவர்கள் இதிலிருந்து நழுவப் பார்ப்பார்கள். நீ கேட்டு வாங்கிச் செய். எந்த வரிசையில் பிழை ஒரே பக்கமாகச் சாய்கிறது என்று அந்தப் பதிவேடு காட்டும். அங்கே போய் மண்ணைப் பார்த்தால் காரணம் கிடைக்கும்.

நின்றுபோன கண்ணாடியும் சும்மா இருப்பதில்லை. வானம் மணிக்கு 15 டிகிரி திரும்புகிறது. 1 கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கண்ணாடியின் ஒளி நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 மீட்டர் வேகத்தில், விழக்கூடாத இடங்களின்மேல் நகர்ந்துகொண்டே போகும். கலிபோர்னியாவின் இவன்பா நிலையத்தில் 2016 மே மாதம் திசை தவறிய கண்ணாடிகளின் ஒளி கோபுரத்தின் வேறொரு தட்டில் விழுந்து, கேபிள்களையும் குழாய்களையும் எரித்தது. 1,73,500 ஹீலியோஸ்டாட்டுகள் கொண்ட வயல் அது. கருப்புக் கண்ணாடி அணியாமல் வயலுக்குள் கால் வைக்காதே. உன்னோடு வரும் துப்புரவுத் தொழிலாளிக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்தை நச்சரி.

துப்புரவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஒளி கண்ணாடிக்குள் போகும்போது ஒரு தடவையும் திரும்பும்போது ஒரு தடவையும் தூசியைக் கடக்கிறது. பேனலில் தூசி சிதறடித்த ஒளியில் ஒரு பகுதி உள்ளே போய்ப் பயன்படும். இங்கே சிதறியதெல்லாம் நஷ்டம். ஆகையால் கழுவும் வண்டி ஓட்டுகிறவர்தான் வயலின் உற்பத்தியைத் தீர்மானிக்கிற முக்கியமான ஆள். தண்ணீர் பஞ்சமுள்ள ஊரில் எந்த வரிசையை எப்போது கழுவுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவரும் உட்கார வேண்டும்.

வெப்பத்தை உருகிய உப்பில் சேமிப்பது தனிக் கல்வி. அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு: உப்பு என்றால் சோடியம் நைட்ரேட் 60 பங்கு, பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு. குளிர்ந்த தொட்டி என்று நாம் சொல்வதே 290 டிகிரி செல்சியஸ்; சூடான தொட்டி 565. 240-க்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். குழாய்க்குள் உறைந்த உப்பு ஒரு நிலையத்தையே கட்டிப்போடும். நெவாடாவின் கிரசென்ட் டியூன்ஸ் 2016-இல் சூடான உப்புத் தொட்டியில் ஏற்பட்ட கசிவால் மாதக்கணக்கில் நின்றது. 10,347 ஹீலியோஸ்டாட்டுகளும் பார்த்துக்கொண்டிருந்தன.

இதே உப்புதான் உன் எதிர்காலக் கேள்விக்கும் பதில். ஸ்பெயினின் ஹெமாசோலார் நிலையம் 20 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு, ஆனால் 15 மணி நேரச் சேமிப்பு உண்டு. 2013 கோடையில் ஒரு மாதத்துக்கும் மேலாக இரவு பகல் நிற்காமல் மின்சாரம் கொடுத்தது. துபாயில் 2023 டிசம்பரில் திறந்த நிலையம் பேனலையும் கண்ணாடியையும் ஒன்றாகவே கட்டியிருக்கிறது: பகலுக்குப் பேனல், இரவுக்குச் சூடான உப்பு. இரண்டு மூன்று மணி நேரத் தேவைக்கு மின்கலம் போதும். விடிய விடிய வேண்டுமென்றால் வெப்பத்தைத் தொட்டியில் வைப்பது இன்னும் கணக்குக்கு வருகிறது. மின்கலம் மேலும் மலியலாம். அப்போது இந்தக் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் தயாராக இரு.

முடிந்தால் ஒரு விடுமுறையில் ராஜஸ்தானின் அபு ரோட்டுக்குப் போய்வா. அங்கே பிரம்மகுமாரிகள் கட்டிய 1 மெகாவாட் நிலையத்தில் 770 தட்டுக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர். வோல்ஃப்காங் ஷெஃப்லர் வகுத்த அமைப்பு அது: தட்டு சூரியனோடு திரும்பினாலும் குவிமையம் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அதனால் அங்கே கனமான இரும்பை வைத்து, அதற்குள்ளேயே வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்கிறார்கள். உருகிய உப்பும் இல்லை, உயரமான கோபுரமும் இல்லை. மெக்கானிக் கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய எந்திரம். திருமலை அன்னதானச் சமையலுக்கு நீராவி தரவும் இதே வகைத் தட்டுகளைத்தான் நிறுவினார்கள். நம் நாட்டில் இந்தத் தொழில் பெரிய மின்நிலையமாக மட்டும் வளரும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயப்பட்டறைக்கும் பால் பதனிடும் ஆலைக்கும் தேவைப்படுவது 150, 200 டிகிரி சூடு. அதை மின்சாரமாக்கி மறுபடி சூடாக்குவதைவிட நேராகக் கொடுக்கலாம். கோணம் தெரிந்தவனுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

உன் நிலையத்தில் ஒரு மாத நேர்க்கதிர் அளவுகளையும், அதே மாதத்தில் கண்ணாடி கழுவிய தேதிகளையும், மின் உற்பத்திப் பதிவையும் ஒரே தாளில் அடுத்தடுத்து எழுது. வெயில் சரியாக இருந்தும் உற்பத்தி விழுந்த நாட்களைச் சிவப்பில் குறி. ஒவ்வொரு சிவப்புக்கும் எதிரே காரணம் என்று நீ நினைப்பதை எழுதி அனுப்பு. அடுத்த கடிதத்தில் அதை வைத்தே பேசலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்