வாசகனைத் தேடிச் செல்லும் நூல்கள்

தம்பி,

நூலகம் எட்டாத கிராமங்களுக்குப் புத்தகங்களை அனுப்பி, மாதந்தோறும் ஓர் ஊரின் பெட்டியை மற்றோர் ஊருக்கு மாற்றிவரும் தர்ம ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்க எண்ணியிருப்பதாகவும், அதற்கென நூல்கள் திரட்டிவருவதாகவும் நீ எழுதிய கடிதம் கண்டு பேருவகை கொண்டேன். ஆயினும், நூல்களைத் திரட்டுமுன் வாசகர்களைத் திரட்டு என்பதே நான் உனக்குச் சொல்லும் பிரதானமான யோசனை.

1931-ம் ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்னும் பெருந்தகை, மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்ப முற்பட்டபோது, சீர்காழி தந்த நூலக மேதை ரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். 1935-ல் ஆந்திர தேசத்துப் பாதூரி நாகபூஷணம் கால்வாய் வழியே படகில் நூல்களைக் கொண்டு சென்றார். வாசகன் வரட்டும் என்று காத்திராமல் அவன் வாசலுக்கே சென்றதுதான் இம்முயற்சிகளின் ஜீவன்.

ஆகவே, பெட்டியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதில் மிகுந்த நிதானம் கொள். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால், அத்திண்ணையில் ஏறத் தயங்கும் சேரிப் பிள்ளைகளுக்கு அது பூட்டிய பெட்டியே ஆகும். வயல்வேலை முடித்து வரும் பெண்கள் பகலில் வர இயலாதாகையால், அவர்தம் வீட்டுக்கே நூலை எடுத்துச் சென்று கொடுக்கும் பெண்ணொருத்தியை ஒவ்வொரு தெருவிலும் தேடிக்கொள். முன்பணம் கேளாதே. கிழிந்த நூலுக்கும் தொலைந்த நூலுக்கும் அபராதம் விதித்தால், ஏழைத் தாய் தன் குழந்தையின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி வைப்பாள்.

தானமாக வருபவற்றையெல்லாம் ஏற்பது தாட்சண்யத்தால் நேரும் பிழை. காலங்கடந்த பாடநூல்களையும் பரீட்சை வழிகாட்டிகளையும் பணிவோடு மறுத்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்போர்க்குப் பெரிய எழுத்துக் கதைகளையும், உழவு, கால்நடை, உடல்நலம், சட்டம் பற்றிய எளிய நூல்களையும் வாசகர்களிடம் கேட்டறிந்து வாங்கு.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஸ்தாபனத்தைப் பதிவுசெய்வதாயின் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அவ்வெழுவரில் நூல் பெறும் மக்களும் இடம்பெறட்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டு.

இறுதியாக ஒன்று. 1948-ம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் விளைவாக, வீட்டுவரியோடு நூலக வரியும் செலுத்தும் இம்மக்களுக்கு அரசாங்க நூலகம் சலுகையன்று, உரிமை. எனவே யார் எந்த நூலை எடுத்தார் என்று பதிவேட்டில் சிரத்தையோடு குறித்து வா. ஓர் ஊரில் வாசகர் பெருகியதும், அப்பதிவேட்டையே சான்றாக இணைத்து, கிளை நூலகம் கோரும் விண்ணப்பத்தில் அவ்வூராரையே கையொப்பமிடச் செய். நூலகம் அமைந்தபின் உன் பெட்டியை அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்.

இங்ஙனம்,
உன் நலம் விழையும் அண்ணன்.