விருந்தாளியாகப் போய் வா

பாளையங்கோட்டை

மியூனிக்கில் இருக்கும் அன்பு மகளுக்குப் பெரியப்பா எழுதுவது.

நாலு வருஷமாக மாதாமாதம் பணம் கட்டிப் படிக்க வைக்கிறாயே, அந்த உகாண்டா நாட்டுப் பிள்ளையை இந்த விடுமுறையில் நேரில் பார்க்கப் போகிறாய் என்றதும் பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பாவுக்கும் நிறைந்த சந்தோஷம். புறப்படும் முன் சில காரியங்களை நீ யோசிக்க வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

உன் ஆச்சி படித்தது சாராள் தக்கர் பள்ளியில். விடுதிச் செலவுக்குச் சீமையிலிருந்து உதவிப் பணம் வந்தது. யார் அனுப்பினார்கள் என்று ஆச்சிக்குக் கடைசி வரை தெரியாது. அந்தப் பள்ளிக்குப் பெயர் தந்த சாராள் தக்கரே இந்தியாவில் கால் வைத்ததில்லை. இங்கிலாந்தில் உடல் ஊனத்தோடு வாழ்ந்த அந்த அம்மையார், திருநெல்வேலிப் பெண் பிள்ளைகளின் படிப்புக்காகத் தோழிகளிடம் பணம் சேர்த்தவர். அவர் பெயரிலேயே 1895-இல் பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியும் வந்தது.

நீ இருக்கும் ஜெர்மனிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு அதைவிடப் பழையது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான அறிக்கைகளில் தரங்கம்பாடிச் செய்திகளைப் படித்துத்தான் அங்குள்ளவர்கள் காணிக்கை அனுப்பினார்கள். 1959-இல் டூயிஸ்பூர்க் நகரில் கிண்டர்நோட்ஹில்ஃபே என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் தொடங்கியபோதும், அது முதலில் கை கொடுத்தது இந்தியப் பிள்ளைகளுக்கே. உதவி செய்பவர்களுக்குப் போன புகைப்படத்தில் நின்ற பிள்ளைகள் அன்று நம் வீட்டுப் பிள்ளைகள். இன்று மியூனிக்கிலிருந்து பணம் அனுப்பும் கை நம் வீட்டுக் கை. இதை மனதில் வைத்துக்கொண்டு விமானம் ஏறு.

முதல் காரியம், நீ பணம் கட்டும் தொண்டு நிறுவனத்துக்குத் தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்காதே. பல வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேள். உன்மேல் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்ற சான்றிதழ் கேட்பார்கள். மியூனிக் நகராட்சியின் குடிமக்கள் அலுவலகத்தில் 13 யூரோ கட்டி விண்ணப்பிக்கலாம். இந்தக் கெடுபிடி உன்னை அவமதிப்பதற்காக அல்ல. அன்பானவர் என்ற வேஷத்தில் பிள்ளைகளை நெருங்கிய கெட்டவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். சந்திப்பு முழுவதும் நிறுவன ஊழியர் ஒருவர் கூடவே இருப்பார், இருக்கத்தான் வேண்டும். பிள்ளையைத் தனியாக எங்கும் அழைத்துப் போகாதே. படம் எடுக்கும் முன் தாயிடம் கேள். ஊர்ப் பெயரோடு அதை எந்த வலைத்தளத்திலும் போடாதே.

உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். கடைசி வாரத்தில் ஓடாதே.

இன்னொன்றை நீ நினைத்துப் பார்த்திருக்க மாட்டாய். ஜெர்மனியிலிருந்து ஆள் வருகிறது என்றால் அந்தப் பிள்ளை எதிர்பார்ப்பது வெள்ளைக்காரரை. அங்கே 'முசுங்கு' என்பார்கள். கறுத்த நிறத்தில், எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு நீ போய் நின்றால் திகைக்கும். அந்த நாட்டுக்கு இந்தியர் புதியவர் இல்லை. ரயில் பாதை போடவும் கடை வைக்கவும் போனவர்கள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். 1972-இல் அப்போதைய அதிபர் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து அவர்களைத் துரத்தினார். பிறகு பலர் திரும்பி வந்து தொழில் நடத்துகிறார்கள். ஆகவே அந்தக் கிராமத்துக்குத் தெரிந்த இந்தியர் பெரும்பாலும் கடை முதலாளியாகத்தான் இருப்பார். நீ பாயில் உட்கார்ந்து, அந்தத் தாய் வைப்பதைச் சாப்பிட்டு, "வெபாலே" என்று லுகாண்டா மொழியில் நன்றி சொன்னால் அந்த வீட்டாருக்கு இந்தியரின் வேறொரு முகம் தெரியும்.

பெட்டி நிறையப் பொருள் கட்டிக்கொண்டு போகாதே. அதே வீட்டில் உதவி கிடைக்காத தம்பி, தங்கை இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். ஒரு கால்பந்தும் காற்றடிக்கும் பம்பும் கொண்டுபோனால் எல்லாரும் விளையாடலாம். பணத்தைத் தாயின் கையில் திணிக்காதே. கொடுக்க விரும்பினால் நிறுவனத்தின் வழியாகக் கொடு. நம் ஊர்ப் பனைமரம், ஆச்சி, மியூனிக் பனி எல்லாம் உள்ள சின்ன ஆல்பம் ஒன்று செய்து எடுத்துப் போ. அந்தப் பிள்ளையின் வீட்டைப் பற்றி நீ எவ்வளவோ படித்துவிட்டாய். உன் வீட்டைப் பற்றி அது அறிய வேண்டாமா?

"உன்னை ஜெர்மனிக்குக் கூட்டிப் போகிறேன்", "டாக்டருக்குப் படிக்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதே. இந்தியாவில் நடந்ததைப் பார். கம்பாஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இங்கே சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு உதவி வந்தது. வெளிநாட்டுப் பணத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்று அரசு விதித்த பிறகு, 2017 மார்ச்சில் வேலையை நிறுத்திவிட்டுப் போனது. அடுத்த மாதமும் கடிதம் வரும் என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அதோடு எல்லாம் நின்றது. நிறைவேற்ற முடியாத வாக்கைக் கேட்ட பிள்ளைக்கு அந்த வலி இரட்டிப்பாகும்.

கணக்குக் கேட்பது உன் உரிமை. 1998-இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் இந்த உதவித் திட்டங்களை ஆராய்ந்தபோது, பிள்ளை இறந்த பின்பும் அதன் பெயரில் பணம் வாங்கப்பட்டது வெளிவந்தது. அதே சமயம், 2013-இல் பொருளாதார அறிஞர் புரூஸ் வைடிக் குழுவினர் உகாண்டா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் 10,144 பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் உண்டு: கம்பாஷன் உதவி பெற்ற பிள்ளைகள் மற்றவர்களைவிட ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள். அதனால் கேள்வி கேள். பள்ளியைப் பார், வருகைப் பதிவைப் பார், செலவுக் கணக்கைக் கேள். அதை அலுவலகத்தில் ஊழியர்களிடம் கேள். குடிசையில், தாயின் முன்னால் வைத்துக் கேட்காதே. உன் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று கண்ணால் துழாவுகிற ஆளாக அந்த வாசலைத் தாண்டாதே.

பேச வார்த்தை வராவிட்டால் ஆச்சியின் கதையைச் சொல். பெயர் தெரியாத யாரோ அனுப்பிய பணத்தில் ஒரு சின்னப் பெண் படித்தாள், அவளுடைய பேத்திதான் இது என்று மொழிபெயர்ப்பவரிடம் சொல்லச் சொல். அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உன்னைப் பார்க்கும். திரும்பி வந்ததும் முதல் கடிதத்தை அதற்கு எழுது. இரண்டாவதைப் பெரியப்பாவுக்கு எழுது.

அன்புள்ள,
பெரியப்பா