கூடுதலாக ஒன்று

நுழையும்முன்
ஒருவருடைய வாழ்வு நிறைவானதா என்பதை யாரிடம் கேட்டறிவது? அவரைச் சோதித்துப் பார்த்த மருத்துவரிடமா, வளர்த்த பெற்றோரிடமா, அவரிடமேயா? டவுன் சிண்ட்ரோம் பற்றிய ஆய்வுகள் இம்மூன்றாம் வாயிலை வந்தடைய ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்நெடும்பயணத்தைக் கூறுகிறது இப்பாடம்.

பெயரும் பிழையும்

இங்கிலாந்தின் சரே பகுதியில் ஏர்ல்ஸ்வுட் என்னும் காப்பகம் இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றியோர் எனக் கருதப்பட்டவர்கள் அங்கே தங்கவைக்கப்பட்டிருந்தனர். 1858இல் அதன் மருத்துவக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஜான் லாங்டன் டவுன், அவர்களுள் ஒரு பிரிவினர் ஒரே வயிற்றில் பிறந்தவர்களைப் போன்ற முகச்சாயல் உடையவர்களாக இருப்பதைக் கண்டார். 1866இல் அதனைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். கண்டது சரி, சொன்ன விளக்கம் தவறு. மனித இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கிப் பார்த்த அக்காலச் சிந்தனைக்கு ஆட்பட்டு, அச்சாயலை மங்கோலிய மக்களோடு தொடர்புபடுத்தி, அதே பெயரையும் இட்டார். ஒரு மக்களினத்தின் பெயர் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மருத்துவ நூல்களில் குறைபாட்டின் பெயராக வழங்கிற்று.

எனினும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் மட்டும் நிறுத்துவது நேர்மையாகாது. இவர்களிடம் நகைச்சுவை உணர்வு மிகுதி, பிறரைப் போல் நடித்துக்காட்டும் ஆற்றல் மிகுதி, முறையாகப் பயிற்றினால் நன்கு தேறுவர் என்றும் அதே கட்டுரையில் அவர் குறித்திருந்தார். 1868இல் தம் மனைவி மேரியுடன் சேர்ந்து இலண்டனை அடுத்து நார்மன்ஸ்ஃபீல்டு என்னும் இல்லத்தைத் தொடங்கினார். பதினோர் ஆண்டுகளுக்குப் பின் அங்கு ஒரு நாடக அரங்கையும் கட்டினார். பின்னர், 1905இல் பிறந்த அவருடைய பெயரன் ஒருவனுக்கும் இதே நிலை இருந்தது. அச்சிறுவனின் தந்தை ரெஜினால்டும் மருத்துவரே. தம் தந்தை தந்த இனவழி விளக்கம் பொருந்தாது என்று அவரே மறுத்துரைத்தார்.

1961இல் அறிவியலாளர் பத்தொன்பது பேர், அப்பழைய பெயரைக் கைவிட வேண்டுமெனக் கோரி 'லான்செட்' மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினர். 1965இல் மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று உலக நலவாழ்வு அமைப்பும் அச்சொல்லை விலக்கியது. முதலில் விவரித்தவரின் பெயரே இன்று நிலைத்துள்ளது.

காரணம் தேடிய கண்கள்

குழந்தை இவ்வாறு பிறந்தால் பழி முதலில் வந்து விழுவது பெற்றோர் தலையில்தான். காசநோய், பால்வினைநோய், குடிப்பழக்கம் என ஒவ்வொரு காலத்திலும் ஒன்று காரணமாகச் சுட்டப்பட்டது. 1933இல் லயனல் பென்ரோஸ் என்னும் ஆய்வாளர், கருவுறும்போது தாய்க்குள்ள வயதே இதனோடு தொடர்புடையது. தந்தையின் வயதோ, எத்தனையாவது பிள்ளை என்பதோ அன்று எனப் புள்ளிவிவரங்களைக் கொண்டு நிறுவினார். இதனையும் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆயினும் பிள்ளைப்பேறு இளவயதிலேயே மிகுதியாக நிகழ்வதால், இக்குழந்தைகளுள் பலர் இளந்தாய்மாருக்கே பிறக்கின்றனர். வயதைக் காட்டித் தாயைக் குறைகூற இவ்வாய்வில் இடமில்லை.

மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 46 என்பதே 1956இல்தான் உறுதியாயிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்குள், டவுன் சிண்ட்ரோம் உடையோரிடம் 47 உள்ளன. இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக உள்ளது என்னும் செய்தி பாரிசிலிருந்து வெளிவந்தது. கட்டுரையில் முதற்பெயராக நின்றவர் ஜெரோம் லெஜன். உயிரணுக்களை வளர்த்து, எண்ணிப் பார்க்கத்தக்க நிலைக்குக் கொண்டுவந்த ஆய்வகத்தை அமைத்தவரோ மார்த் கோத்தியே என்னும் பெண் மருத்துவர். அமெரிக்காவில் அம்முறையைக் கற்றுத் திரும்பிய அவருக்கு முறையான நிதி கிடைக்கவில்லை. கடன்பட்டுக் கண்ணாடிக் கலங்கள் வாங்கினார். தம் இரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தினார். படமெடுக்கும் நுண்ணோக்கி அவரிடம் இல்லாததால் சில்லுகள் லெஜன் கைக்குச் சென்றன. வெளியான கட்டுரையில் கோத்தியேயின் பெயர் இரண்டாம் இடத்தில், அதுவும் பிழையாக அச்சாகியிருந்தது. இக்கண்டுபிடிப்பில் லெஜனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று பிரெஞ்சு அறநெறிக் குழு ஒன்று கூறியபோது ஆண்டு 2014. கோத்தியேக்கு வயது எண்பத்தெட்டைக் கடந்திருந்தது.

காரணம் தெரிந்தது, பழி நீங்கியது. பெரும்பாலோரிடத்து இது பரம்பரையாக வருவதன்று. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது குரோமோசோம் இணை பிரியாமல் நின்றுவிடுவதால் நேர்வது. தாய் உண்ட உணவாலோ, கண்ட காட்சியாலோ, எந்தக் கோளாலோ நேர்வதன்று.

உயிரின் விலை

அறிவியல் இவ்வளவு தெளிந்த பின்னும் மருத்துவமனைகளின் மனம் உடனே மாறிவிடவில்லை. பிறந்த குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறுவது மேலைநாடுகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1982இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டவுன் சிண்ட்ரோமுடன் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. அதன் உணவுக்குழாய் வயிற்றோடு இணையவில்லை. அறுவை மருத்துவத்தால் சரிசெய்யத்தக்க குறை அது. சிகிச்சை வேண்டாமெனப் பெற்றோர் முடிவெடுத்தனர், நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஆறு நாள்களில் குழந்தை இறந்தது. அவ்விறப்பு எழுப்பிய கேள்விகள் 1984இல் சட்டமாயின.

டவுன் சிண்ட்ரோம் உடைய குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இதயக்குறை இருக்கும். அதனைச் சரிசெய்யும் அறுவை மருத்துவம் இவர்களுக்கும் உரியதே என்னும் எண்ணம் பரவியதன் விளைவை ஓர் எண் காட்டுகிறது. அமெரிக்காவில் இவர்கள் இறக்கும் இடைநிலை வயது 1983இல் 25, 1997இல் 49. பதினான்கே ஆண்டுகளில் ஆயுள் இருமடங்கானது. அதுவரை இவர்கள் இளமையில் இறந்ததற்குக் கூடுதல் குரோமோசோம் மட்டுமே காரணம் அன்று. 'இவர்களுக்கு எதற்கு' என்ற எண்ணமும் ஒரு காரணம் என்பதை இவ்வெண்ணை விடத் தெளிவாகச் சொல்ல இயலாது.

கல்வியிலும் இவ்வாறே. படிக்க வராது என முடிவுசெய்யப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்தைக் காட்டியவர் யாருமில்லை. எழுபதுகளின் இறுதியில் இங்கிலாந்துத் தந்தை ஒருவர், தம் மகள் மூன்று வயதில் சொல்லட்டைகளைப் படிக்கத் தொடங்கி, அதன்வழியே பேச்சிலும் முன்னேறியதை எழுதி, போர்ட்ஸ்மவுத் நகரக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார். அதனைப் படித்த உளவியலாளர் சூ பக்லி, இப்பிள்ளைகளுக்குக் கேட்டறிவதை விடக் கண்டறிவது எளிது என்பதை ஆய்வுகளால் விளக்கினார். ஒரு தந்தையின் குறிப்பேடு ஓர் ஆய்வுத்துறைக்கு வழிகாட்டிற்று.

வீட்டைக் கேட்ட ஆய்வுகள்

இத்தகைய குழந்தை பிறந்த வீடு துயர வீடு என்பது ஆய்வாளரும் கேள்வி கேளாமல் ஏற்றிருந்த முடிவு. அதனைச் சோதித்துப் பார்த்தவர்களுள் ராபர்ட் ஹோடாப் குறிப்பிடத்தக்கவர். அவரும் ரிச்சர்டு அர்பானோவும் டென்னசி மாநிலத்தின் பதிவுகளைக் கொண்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உடைய பிள்ளைகளின் பெற்றோரிடையே மணமுறிவு 7.6 விழுக்காடாக இருந்தது. குறைபாடு ஏதுமற்ற பிள்ளைகளின் பெற்றோரிடையே 11.2 விழுக்காடு. எனினும் இக்குடும்பங்களில் நேர்ந்த மணமுறிவுகள் குழந்தை பிறந்த முதலிரண்டு ஆண்டுகளில் மிகுதியாக நிகழ்ந்திருந்தன. கல்வி குறைந்த, சிற்றூரில் வாழும் தந்தையர் குடும்பங்களில் இடர் கூடுதலாக இருந்தது. சராசரி எண் ஆறுதல் தரும். துணை யாருக்குத் தேவை என்பதை அதனுள் மறைந்திருக்கும் எண்தான் சொல்லும்.

2011இல் பிரையன் ஸ்காட்கோ என்னும் மருத்துவரும் உடனாய்வாளர் இருவரும் மூன்று ஆய்வுகளை வெளியிட்டனர். ஸ்காட்கோவின் தங்கைக்கும் டவுன் சிண்ட்ரோம் உண்டு. முதலாவது, 2044 பெற்றோரிடம் கேட்டது. பிள்ளை மீது அன்பு கொண்டிருப்பதாக 99 விழுக்காட்டினரும், பெருமைப்படுவதாக 97 விழுக்காட்டினரும், வாழ்க்கையைப் பற்றிய தம் பார்வை மேம்பட்டதாக 79 விழுக்காட்டினரும் கூறினர். பிள்ளை பிறந்ததற்காக வருந்துவதாகக் கூறியோர் 4 விழுக்காட்டினர். இரண்டாவது, 822 உடன்பிறந்தோரிடம் கேட்டது. வேறொரு தம்பியோ தங்கையோ தமக்கு வாய்த்திருக்கலாமென எண்ணியோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு.

மூன்றாவதுதான் புதியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, டவுன் சிண்ட்ரோம் உடைய 284 பேரிடமே வினாத்தாள் தரப்பட்டது. தம் வாழ்வில் மகிழ்ச்சியாக இருப்பதாக 99 விழுக்காட்டினரும், தம்மைத் தமக்குப் பிடித்திருப்பதாக 97 விழுக்காட்டினரும், தம் தோற்றம் பிடித்திருப்பதாக 96 விழுக்காட்டினரும் விடை தந்தனர். கண்ணாடியின் முன்நின்று இவ்விடையை எத்தனை பேரால் தர இயலும் என்று வகுப்பறையில் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால், மகிழ்ச்சி தரும் முடிவு என்பதற்காக ஆய்வை ஆராயாமல் ஏற்கலாகாது. விடையளித்தோர் டவுன் சிண்ட்ரோம் அமைப்புகளோடு தொடர்பிலிருந்த குடும்பத்தினர். துணையும் தகவலும் கிடைத்தவர்கள் அவர்கள். அத்தகைய அமைப்பின் வாயிலையே அறியாத தாய் என்ன சொல்லியிருப்பார் என்பதை இவ்வெண்கள் காட்டமாட்டா. எழுதியோ பேசியோ விடைதர இயலாதவர்களின் குரலும் இதில் பதிவாகவில்லை. வேறொன்றும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பாப்லோ பினேடா பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். 2009இல் திரைப்பட விழா ஒன்றில் சிறந்த நடிகருக்கான விருதையும் வென்றார். அவரைச் சான்றாகக் காட்டுவோர் பலர். அச்சான்று ஒருபுறம் கதவைத் திறக்கிறது. மறுபுறம், பட்டம் பெறாத பிள்ளை தன் இருப்புக்குக் காரணம் சொல்ல வேண்டியதாகிறது.

முதுமையின் வாயில்

ஆயுள் நீண்டதால் முன்பு எழாத வினாக்கள் எழுந்துள்ளன. மூளையில் படிந்து அல்சைமர் நோய்க்கு அடிகோலும் புரதத்தின் மூலமரபணு இருப்பது அதே இருபத்தொன்றாம் குரோமோசோமில்தான். மூன்று படிகள் இருப்பதால் அப்புரதம் மிகுதியாக உருவாகிறது. நாற்பதைக் கடந்த டவுன் சிண்ட்ரோம் உடையோரின் மூளையில் அந்நோயின் அடையாளங்கள் பெரிதும் காணப்படுகின்றன. இவர்களைக் கண்டே அல்சைமர் நோயின் தொடக்கத்தைப் பற்றி மருத்துவம் பலவற்றைக் கற்றது. ஆயினும் அந்நோய்க்கான மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் இவர்கள் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை. மருந்தின் பாதுகாப்பு, ஒப்புதல் தரும் திறன் முதலியவை தடைகளாகச் சொல்லப்பட்டன. இன்று எளிய சொற்களாலும் படங்களாலும் ஒப்புதல் படிவங்கள் உருவாக்கப்படுகின்றன.

2015இல் உலக டவுன் சிண்ட்ரோம் மாநாடு சென்னையில் நடைபெற்றது. 2012 முதல் ஐக்கிய நாடுகள் அவை, மூன்றாம் மாதத்தின் இருபத்தொன்றாம் நாளை இவர்களுக்குரிய நாளாகக் கடைப்பிடிக்கிறது. இருபத்தொன்றாம் குரோமோசோம் மூன்றாக இருப்பதையே அந்நாள் குறிக்கிறது. முன்பெல்லாம் 'இக்குழந்தை எத்தனை நாள் இருக்கும்' என்று மருத்துவரிடம் கேட்ட பெற்றோர், இன்று 'எங்களுக்குப் பிறகு இவன் யாருடன் இருப்பான்' என்று கேட்கின்றனர். ஐம்பது வயது மகனுக்கு எண்பது வயதுத் தாய் தலைவாரிவிடும் வீடுகள், இதற்குமுன் எக்காலத்திலும் இவ்வளவு இருந்ததில்லை.