இணையவழிப் பாடத்தில் சேரும் மாணவ, மாணவியர் கவனத்திற்கு

சென்ற பருவத்தில் ஒரு மாணவி தன் தாயாருடன் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். என்பிடெல் வழியாக 12 வாரப் பாடம் ஒன்றை, தாயாரின் போனிலேயே, ஒரு வாரம்கூட விடாமல் படித்து முடித்திருந்தார். "சர்டிபிகேட் எப்போது வரும்?" என்று அவர் கேட்டபோதுதான், தேர்வுக்குப் பதிவே செய்யவில்லை என்பது தெரிந்தது. பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்கும் சேர்ந்ததாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். கடைசித் தேதி போய்விட்டது; எங்களாலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

என்பிடெல் என்பது ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது. இன்று மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் 4, 8, 12 வாரப் பாடங்களாக ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. சேருவதும் படிப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தனியாகத் தேர்வுக்குப் பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். பாடத்துக்கு ரூ.1,000 என்ற அளவில் இருந்து வருகிறது. அந்தப் பணம் பெரிதாகத் தெரிந்தால், தேதி போவதற்கு முன்பே எங்களிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருந்து படிப்பதால் நினைத்தபோது படிக்கலாம் என்ற எண்ணம்தான் பலரைக் கவிழ்க்கிறது. வாரம் சுமார் இரண்டரை மணி நேர வீடியோ. அதைப் புரிந்துகொள்ள மேலும் அவ்வளவு நேரம். ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட் உண்டு, அதற்குக் கெடுத் தேதியும் உண்டு. தாமதித்தால் ஏற்க மாட்டார்கள். ரமலானில் தராவீஹ் முடித்து வந்து இரவு 11.59-க்குள் அனுப்பிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால், அன்றைக்குத்தான் நெட் படுத்துவிடும்!

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளை மட்டும் எடுப்பார்கள். எனவே ஒரு வாரம் விட்டுப்போனதென்று மனம் தளர்ந்து பாடத்தையே கைவிட வேண்டாம். ஆனால் அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியே தாண்ட வேண்டும். அசைன்மென்டில் 20 வாங்கிய பிள்ளை தேர்வில் 28 எடுத்தால், மொத்தம் 48 இருந்தும் சான்றிதழ் கிடைக்காது. அசைன்மென்ட் விடைகளை நண்பரிடம் வாங்கிப் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கல்லூரியில் படிப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஸ்வயம் பாடங்களின் கிரெடிட்டை, ஒரு பருவத்தில் 40 சதவீதம் வரை, கல்லூரிகள் ஏற்கலாம் என்று யு.ஜி.சி. 2021-ல் விதி கொண்டுவந்தது. உங்கள் கல்லூரி எந்தப் பாடத்தை ஏற்கும் என்பதைத் துறைத் தலைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பாடம் போனில் நடந்தாலும் தேர்வை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். மையம் சேலத்தில் விழுந்து, தேர்வு காலை 9 மணிக்கு என்றால், பென்னாகரம், அரூர் பக்கத்துப் பிள்ளைகள் விடியுமுன் பஸ் ஏற வேண்டியிருக்கும். பெண் பிள்ளைகளுடன் யார் போவது என்பதை ஹால் டிக்கெட் வந்த அன்றே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.