பசுவின் காதில் மஞ்சள் வில்லை எதற்கு?

அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போகும்போது கவனித்திருப்பீர்கள், பசுவின் காதில் மஞ்சள் வில்லை. அழகுக்கல்ல! அதிலுள்ள 12 இலக்க எண்தான் மாட்டின் அடையாளம். அதை 'பாரத் பசுதன்' செயலியில் தட்டினால், பதிவான தடுப்பூசியும் சிகிச்சையும் தெரிந்துவிடும்.

நமக்கென்ன லாபம்? புருசெல்லோசிஸ் என்கிற கன்று வீச்சு நோய் வந்தால், சினைப் பசு குறைமாதத்திலேயே கன்றை வீசிவிடும். காய்ச்சாத பால் மூலம் அந்தக் கிருமி நமக்கும் தொற்றும். விட்டு விட்டு ஜுரம், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும்.

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டப்படி, 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஆயுளுக்கு ஒரே ஊசி. "கன்னுக்கு ஊசி போட்டாச்சா?" என்று பால்காரரிடம் கேளுங்கள்.

வில்லை இருந்தாலும் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். ஜுரம் விடவில்லையா? பச்சைப் பால் குடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.