அப்பா சொன்ன ஒரு மாசக் கணக்கு

ஹெப்பாள், மைசூர்

அன்புள்ள கண்ணு,

ஈரோட்டில் எடுத்த லைசென்ஸ் மைசூரில் செல்லுமா, எத்தனை வருஷத்துக்குச் செல்லும், முடிந்தால் ஊருக்கு ஓடிவர வேண்டுமா என்று கேட்டிருந்தாய். இங்கே இன்ஃபோசிஸ் பயிற்சிக்கு வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் இதே சந்தேகம்தான். தாராளமாகச் செல்லும், லைசென்ஸ் இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். புதுப்பிக்கவும் ஈரோட்டுக்குப் போக வேண்டாம். இங்குள்ள ஆர்.டி.ஓ.வே புதுப்பித்துவிட்டு, முதலில் கொடுத்த அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். உன் ஸ்கூட்டி மட்டும் வேறு கதை. தமிழ்நாட்டு நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவு எண் வாங்க வேண்டும். அதற்கு வரியும் உண்டு.

"இருபது வருஷம் வரும், முடிஞ்சாலும் ஒரு மாசம் டைம் இருக்கு" என்று என் அண்ணன், அதான் உன் அப்பா, சொன்னதாக எழுதியிருந்தாயே, அது அண்ணன் லைசென்ஸ் எடுத்த காலத்துச் சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 20 வருஷம் அல்லது 50 வயது, எது முந்தி வருகிறதோ அதுவரை என்று இருந்தது. 2019-இல் திருத்தினார்கள், அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக்கணக்கு. 30 வயது ஆகாதவர் எடுத்தால் 40 நிறையும்வரை செல்லும். 30-இலிருந்து 50-க்குள் என்றால் 10 வருஷம். 50-ஐத் தொட்டு 55 ஆகாதவருக்கு 60 வயதுவரை. 55 ஆகிவிட்டால் ஐந்தைந்து வருஷமாகத்தான். ஆக, நீ ஏறக்குறைய 40, 50, 60 வயதுகளில் விண்ணப்பம் போட வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் 70 வயதுவரை ஓட்டும் உரிமை தொடரும்; அதற்குப் பிறகே மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நம் சட்டம் 40-ஐத் தாண்டியதுமே டாக்டரிடம் அனுப்புகிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. 1ஏ என்ற படிவத்தில் டாக்டர் எழுதித்தர வேண்டும்: சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, காது கேட்கிறதா என்று. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அண்ணனை அப்படிப்பட்டவரிடம் போகவிடாதே.

இங்கே தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஸ்டாஃப் பஸ் டிரைவர்களின் லைசென்ஸ் தேதிகளை நோட்டில் எழுதி வைப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். கார்டில் இரண்டு தேதி இருக்கும். என்.டி. என்பது சொந்த வண்டிக்கு, டி.ஆர். என்பது வாடகைக்கும் சரக்குக்கும் ஓடும் வண்டிக்கு. இந்த இரண்டாவது தேதிக்கு ஆயுள் 5 வருஷம்தான். ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் என்றால் 3. டிரைவர்கள் கண்ணில் படுவது எப்போதும் தூரத்தில் இருக்கும் தேதி. "இன்னும் எட்டு வருஷம் இருக்கே மேடம்" என்று கார்டை நீட்டுவார்கள். விரல் வைத்திருப்பது என்.டி. வரியில்! பஸ்ஸுக்கான தேதி போன மாசமே முடிந்திருக்கும்.

அந்த ஒரு மாச விஷயத்துக்கு வருகிறேன், முக்கியமானது அதுதான். பழைய சட்டத்தில் தேதி முடிந்தபின் 30 நாள் லைசென்ஸ் உயிரோடு இருந்தது. 2019-இல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். தெலங்கானா போலீஸ் டிரைவர் வேலைக்கு விண்ணப்பித்தவர்கள் வழக்கு ஒன்று 2025-இல் உச்சநீதிமன்றம்வரை போயிற்று. இரண்டு வருஷம் தொடர்ந்து லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும் என்பது விதி; சிலருக்கு நடுவில் காலாவதியாகி, பிறகு புதுப்பித்திருந்தார்கள். விட்டுப்போன நாட்களைப் பின்னால் புதுப்பித்தது ஈடுகட்டாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிந்த பின்னும் ஒரு வருஷம் உண்டு. இந்தப் பின் வருஷத்தைத்தான் ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது விண்ணப்பிக்க மட்டுமே, வண்டி ஓட்ட இல்லை. ஓட்டிப் பிடிபட்டால் 5,000 ரூபாய்வரை அபராதம் போகலாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் பார்ப்பதும் இந்தத் தேதியைத்தான். அந்த ஒரு வருஷமும் கடந்தால் மறுபடி எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். முன்பு இதற்கு ஐந்து வருஷ அவகாசம் இருந்தது. கொரோனா சமயத்தில் 2020 பிப்ரவரியிலிருந்து முடிந்த லைசென்ஸ்களை 2021 அக்டோபர் 31 வரை நீட்டித்துக்கொண்டே போனார்கள். அரசாங்கம் எப்படியும் தேதி தள்ளும் என்ற நினைப்பு சிலருக்கு அதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

அண்ணன் எடுத்தது 2006-இல். இருபது வருஷத்தைக் கூட்டிப் பார். கார்டை போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. டாக்டர் சர்டிபிகேட்டை முதலில் வாங்கிவிட்டால் அரசின் சாரதி இணையதளத்தில் மிச்சத்தை நானே இங்கிருந்து போட்டுவிடுகிறேன். அதுவரை மார்க்கெட்டுக்கு நீயே ஓட்டு.

அன்புடன்,
அத்தை