தவளைக் கால் வழக்கு



உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் கால்வனோமீட்டரும் வோல்ட்மீட்டரும் ஒரே அலமாரியில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலி நாட்டு அறிஞர்களான கால்வானி, வோல்டா ஆகியோரின் பெயர்களையே அவை தாங்கி நிற்கின்றன. இவ்விருவரும் ஆண்டுக்கணக்கில் ஒருவரையொருவர் மறுத்து வாதிட்டவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

அறிவியல் மன்றக் கூட்டங்களில் வாதம் சூடேறுவதுண்டு. "உனக்கு என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அத்துடன் அறிவியல் நின்றுபோகும், சண்டை தொடங்கிவிடும். சூடான வாதத்தையும் பயனுள்ளதாக நடத்த முடியுமா? இந்தப் பழைய வழக்கைக் கொண்டு ஆராய்வோம்.

வழக்கு என்ன?

கால்வானி பொலோனா நகரில் உடற்கூறு கற்பித்தவர். அறுத்து வைத்த தவளையின் தண்டுவடத்தில் பித்தளைக் கொக்கியை மாட்டி, அதை இரும்புக் கம்பியில் படச் செய்தபோது கால் துடித்தது. விலங்கின் உடலிலேயே மின்சாரம் இருக்கிறது என்று அவர் முடிவு செய்து, 1791இல் வெளியிட்டார்.

பாவியா நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த வோல்டா இதைப் படித்தார். உடனே மறுக்கவில்லை. முதலில் அந்தச் சோதனைகளைத் தாமே செய்து பார்த்தார். கண்டுபிடிப்பைப் பாராட்டவும் செய்தார். ஆனால் இரு வேறு உலோகங்களைப் பயன்படுத்தும்போது துடிப்பு வலுவாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. மின்சாரம் உலோகங்களிலிருந்து வருகிறது, தவளைக் கால் அதைக் காட்டும் கருவி மட்டுமே என்று அவர் வாதிட்டார்.

கால்வானி தரப்பு என்ன செய்தது? வசை பாடவில்லை. உலோகமே இல்லாமல் நரம்பைத் தசையின்மேல் படச் செய்தது. அப்போதும் கால் துடித்தது! "நரம்பும் தசையும் வெவ்வேறு பொருள்கள்தாமே?" என்றார் வோல்டா. நியாயமான ஐயம்தான். எனவே 1797இல் கால்வானி ஒரு காலின் நரம்பை மற்றொரு காலின் நரம்பின்மேல் படச் செய்தார். இரண்டும் ஒரே வகைப் பொருள். ஆயினும் துடிப்பு நிகழ்ந்தது.

வோல்டாவும் தவளையை விலக்கிவிட்டுத் தம் கருத்தை நிறுவ முயன்றார். துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என மாறி மாறி அடுக்கினார். அந்த அடுக்கிலிருந்து தொடர்ந்து மின்னோட்டம் கிடைத்தது. 1800இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட முதல் மின்கல அடுக்கு இதுவே. 1798இல் காலமான கால்வானி இதைக் காணவில்லை.

வென்றவர் யார்?

இருவரும் வென்றனர், இருவரும் தவறினர். தவளை தொங்கிய கொக்கியிலும் கம்பியிலும் இரு உலோகங்களின் பங்கு இருந்தது; அதில் வோல்டா சொன்னது சரி. நரம்பிலும் தசையிலும் மின்சாரம் உண்டு என்பதில் கால்வானி சொன்னது சரி. மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தைத்தானே பதிவு செய்கிறது! உலோகங்கள் ஒன்றையொன்று தொடுவதே மின்கலத்தின் ஆற்றலுக்குக் காரணம் என்று வோல்டா எண்ணியதும் தவறு. வேதிவினையே காரணம் எனப் பின்னர் அறிந்தோம்.

நாம் கற்பது என்ன?

1. மறுப்பதற்கு முன் எதிராளியின் சோதனையை நீங்களே செய்து பாருங்கள்.

2. அவர் கருத்தை அவரே "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்பும்படி முதலில் எடுத்துச் சொல்லுங்கள்.

3. மறுப்பு வந்தால் ஆளைப் பார்க்காதீர்கள், மறுப்பைப் பாருங்கள். அதைத் தீர்க்கும் புதிய சோதனையைத் தேடுங்கள்.

4. அவர் சொல்வதில் சரியான பகுதியை மனம் திறந்து ஒப்புக்கொள்ளுங்கள். அது தோல்வி ஆகாது.

வோல்டாவின் கடுமையான ஐயம் இல்லையேல் கால்வானி நரம்போடு நரம்பைச் சேர்த்துப் பார்த்திருப்பாரா? கால்வானியின் விடாப்பிடி இல்லையேல் வோல்டா மின்கல அடுக்கை நோக்கிச் சென்றிருப்பாரா? எண்ணிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

ஓர் எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியையும் துத்தநாகம் பூசிய ஆணியையும் ஒன்றையொன்று தொடாமல் செருகிக் கால்வனோமீட்டருடன் இணையுங்கள். முள் நகர்வதைக் காண்பீர்கள். அடுத்து, ஆணிக்குப் பதிலாக மற்றொரு செம்புக் கம்பியைச் செருக வேண்டும். அதற்கு முன் நீங்களும் நண்பரும் இரு தாள்களில் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள்: முள் நகருமா? எந்த விடை கிடைத்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்? பிறகு இணைப்பைக் கொடுங்கள். முள்ளே தீர்ப்புச் சொல்லட்டும். (சோதனைக்குப் பயன்படுத்திய பழத்தை உண்ணாதீர்கள்.)

இரண்டாவது கேள்விக்கு உங்களால் விடை எழுத முடியவில்லையா? அப்படியானால் நீங்கள் உண்மைக்காக வாதிடவில்லை. வெற்றிக்காக வாதிடுகிறீர்கள் என்று பொருள்.